லோர்னா வேலைக்கு வந்த புனித வெள்ளி

போன மாதம் என் பழைய அலுவலகத்தில் ஒரு தேநீர் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவனை இப்படிக் கூப்பிடுவது எதற்கென்று எனக்குத் தெரியும். போண்டா கொடுத்து, புதிதாக வாங்கிய ஏதாவது ஒன்றைக் காட்டி, "உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா சார்?" என்று கேட்பதற்குத்தான். இந்த முறை காட்டியது ஒரு மென்பொருள். எந்த நாட்டில் யார் வேலையில் இருக்கிறார், யார் விடுப்பில் இருக்கிறார், யாருடைய கணினி எவ்வளவு நேரமாகச் சும்மா கிடக்கிறது என்று அத்தனையும் சொல்லிவிடுமாம். என் இடத்தில் இப்போது இருக்கும் பவ்யா கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள்: "இது இல்லாம ஹேகே சமாளிச்சீங்க சார்? ஆளையே பாக்காம ஆளை நம்பறது கஷ்டந்தானே?"

போண்டாவை மென்றபடி சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில், மைசூரில் நான் குடியிருக்கும் மண்டி மொஹல்லாவின் சந்தில் ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஒதுங்கி நின்றபோது, அந்தப் பெண்ணுக்குச் சரியான பதில் ஒன்று என்னிடம் இருக்கிறதே என்று தோன்றியது. நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் ஹனூர் பக்கம் மஞ்சளும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். நான் படித்து மைசூருக்கு வந்து, நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையின் பர்சனல் டிபார்ட்மெண்டில் சேர்ந்து, சங்கு ஊதினால் எழுந்து சங்கு ஊதினால் சாப்பிட்டு, தலை பாதி நரைத்துவிட்டது. அங்கே ஒருவருக்கு உடம்பு சரியில்லையென்றால் முகத்தைப் பார்த்தாலே தெரியும். தெரியாவிட்டால் அவர் மச்சான் வந்து சொல்லுவார். அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். ஐம்பதை நெருங்குகிற வயதில் யார் வேலை கொடுப்பார்கள் என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோதுதான், மைசூரிலேயே ஒரு சின்ன நிறுவனம் எச்.ஆருக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

உலகத்தின் பல ஓட்டல்களுக்கு வருகிற முன்பதிவுகளைச் சரிபார்த்து, விருந்தினர்களின் கேள்விக்கும் புகாருக்கும் பதில் எழுதுவது அவர்கள் தொழில். இருபத்துநான்கு மணி நேரமும் யாராவது விழித்திருக்க வேண்டும். இங்கேயே இரவுப் பணிக்கு ஆள் வைத்து அவர்கள் உடம்பைக் கெடுப்பதைவிட, பகலாக இருக்கிற நாட்டில் ஆள் வைத்தால் என்ன என்று யோசித்தவர் அதன் நிர்வாகி அலமேலு மேடம். மேல்கோட்டைப் பக்கத்து வைணவக் குடும்பம், மூன்று தலைமுறையாக மைசூர். எப்போதும் கஞ்சி போட்ட பருத்திப் புடவை. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மேசையிலேயே தயிர்சாதம். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. உயர்த்தாமலேயே ஆளை நடுங்க வைப்பார்.

நேர்காணலில் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு எத்தனை தேசத்துப் பண்டிகை தெரியும்?"

"நம்மூருப் பண்டிகையே எங்க வீட்டுக்காரி சொன்னாத்தானுங்க மேடம் எனக்குத் தெரியும்."

"ரொம்ப நல்லது. தெரியும்னு சொல்றவா நாலு பேரை இப்பதான் அனுப்பிச்சேன்" என்றார். வேலை கிடைத்துவிட்டது.

வெளிநாட்டில் இருப்பவர்களை 'ரிமோட் ஸ்டாஃப்' என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "தூரம்ங்கறது நம்ம கணக்கு. அவாளுக்கு நாமதான் தூரத்துல இருக்கோம்" என்பார். அதே சமயம், யாராவது உணர்ச்சிவசப்பட்டு 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று மேடையில் பேசினாலும் முகம் சுளிப்பார். "குடும்பம்னா சம்பளமும் வேண்டாம், லீவும் வேண்டாம். கம்பெனின்னா ரெண்டும் குடுத்தாகணும். குடும்பம்னு சொல்லிக் குடுக்காம இருக்கப் பாக்கறா எல்லாரும்" என்பார். இந்த இரண்டு வாக்கியங்களிலிருந்து நான் கற்றுக்கொண்டது, தொழிற்சாலையில் கழித்த வருடங்களில் கற்றதைவிட அதிகம்.

வெளிநாட்டில் ஆள் எடுப்பது என்றால் லேசான காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மின்னஞ்சல் அனுப்பு, கணினியில் முகம் பார், சம்பளம் போடு, முடிந்தது. அப்படி இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தொழிலாளர் சட்டம். ஒரு நாட்டில் பதின்மூன்றாவது மாதச் சம்பளம் கட்டாயம். இன்னொரு நாட்டில் வேலையை விட்டு நீக்க வேண்டுமென்றால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அங்கெல்லாம் நமக்கு அலுவலகம் கிடையாது என்பதால், நமக்குப் பதிலாக அந்த நாட்டில் முதலாளியாக நிற்கிற ஏஜென்சி ஒன்றைப் பிடிக்க வேண்டும். சட்டத்தின் கண்ணுக்கு அந்த ஏஜென்சிதான் முதலாளி, வேலை வாங்குவது நாம். ஒரு நாட்டில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால் ஏஜென்சி வைப்பது கட்டுப்படியாகாது என்று நேரடி கான்ட்ராக்டில் எடுப்போம். கான்ட்ராக்ட் ஆளுக்கு வேலை செய்த நேரத்துக்குத்தான் சம்பளம். தொடர்ந்து இரண்டு வாரம் வேலைக்கு வராவிட்டால் கான்ட்ராக்ட் தானாகவே முடிந்துவிடும். நோய்க்கு விடுப்பு என்ற பேச்சே அதில் இல்லை.

என் பொறுப்பில் இருந்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது விடுமுறை அட்டவணை. எந்த நாட்டில் எந்த நாள் யார் வேலை செய்ய மாட்டார்கள், அந்த நேரத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று வருடம் முழுவதுக்கும் போட வேண்டும். நாங்கள் பொங்கல் வைக்கிற நேரத்தில் ஜார்ஜியாக்காரர்கள் 'பழைய புத்தாண்டு' என்று ஒன்றைக் கொண்டாடுகிறார்கள். ஏற்கெனவே ஜனவரி முதல் தேதி ஒரு புத்தாண்டு கொண்டாடிவிட்டு, ஆசை அடங்காமல் இரண்டாவது முறை. நம் தசரா ஊர்வலத்தன்று மைசூர் அலுவலகத்துக்கு யாருமே வந்து சேர முடியாது என்பதைப் பெருவில் இருப்பவர்களுக்குப் புரியவைக்க நான் யானைப் படம் அனுப்பினேன். ரம்ஜான் மாதத்தில் துனீசியாக்காரர்களுக்கு நேரத்தை மாற்றிப் போடுவோம். அதற்காக அந்த ஊரில் நோன்பு தொடங்கும் நேரம், திறக்கும் நேரம் எல்லாம் என் மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கும். எங்கள் சந்துப் பள்ளிவாசலில், நோன்புக்கு முன் சாப்பிடுகிற சஹர் நேரம் முடிந்ததென்று அறிவிக்கும்போது, துனீசியாவில் இன்னும் ஏறக்குறைய நாலு மணி நேரம் இருக்கிறது என்று படுக்கையிலேயே கணக்குப் போடுகிற அளவுக்கு அந்தப் பைத்தியம் எனக்கு முற்றியிருந்தது.

இனி லோர்னா. பிலிப்பைன்ஸில் இலோய்லோ என்ற ஊர். அந்த நாட்டில் எங்களுக்கு இருந்த ஒரே ஆள். அதனால் கான்ட்ராக்ட். வேலைக்குச் சேரும்போது அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "வருடத்தில் எந்த நாளும் வேலை செய்கிறேன். புனித வெள்ளியன்று மட்டும் என்னைக் கூப்பிடக்கூடாது. அன்று நான் கணினியைத் தொடமாட்டேன்." நாங்கள் எல்லோரும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

லோர்னாவின் நேரம் முடிந்ததும் ஜார்ஜியாவில் நினோ என்ற பெண் வேலையை வாங்கிக்கொள்வாள். நினோவுக்கு அடுத்து துனீசியாவில் ஹாதெம். ஹாதெமுக்கு அடுத்து பெருவில் ரோசா. ரோசா முடிக்கும்போது மறுபடி லோர்னாவுக்கு விடிந்திருக்கும். இந்த நாலு பேரையும் நேர்காணல் செய்து எடுத்தவன் நான். நாலு பேரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. இணையம் சுமாரான ஊர்கள் என்பதால் கூட்டங்களில் கேமராவையும் அணைத்தே வைத்திருப்பார்கள். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்குவார், அவ்வளவுதான் உறவு. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் ரம்ஜான் மாதத்துக்கு நடுவே புனித வெள்ளி வந்தது. கர்நாடகத்திலும் விடுமுறைதான். ஆளில்லாத அலுவலகத்தில் நிம்மதியாக அடுத்த காலாண்டின் அட்டவணையை முடிக்கலாம் என்று காலையிலேயே போய் உட்கார்ந்தேன். கணினியைத் திறந்தால், லோர்னா பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறது. வேலையில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

எனக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. சாட்டில் எழுதினேன்: "லோர்னா, இன்று புனித வெள்ளியாயிற்றே? நீ இன்று கணினியைத் தொடமாட்டாயே?"

நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது. "கொஞ்சம் வேலை பாக்கி இருந்தது."

உடனே பச்சை விளக்கு அணைந்தது. மணியைப் பார்த்தேன், ஒன்பதுக்குச் சற்று முன். கொஞ்ச நாட்களாகவே இந்த நேரத்தில் லோர்னா சிறிது நேரம் காணாமல் போவதை நான் கவனித்திருந்தேன். அங்கே அப்போது முற்பகல், சீக்கிரம் சாப்பிடுகிற பழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இன்று மனம் அப்படி விடவில்லை. நிமிர்ந்து பார்த்தால் எதிரே சுவரில் துனீசியாவின் நோன்பு நேரங்கள். அந்த ஊரில் சஹர் முடிகிற நேரம் இது. லோர்னா கத்தோலிக்கப் பெண். புனித வெள்ளியன்று வேலை செய்கிறாள், சஹருக்கு எழுந்து போகிறாள்!

ஹாதெமின் கைப்பேசிக்கு அழைத்தேன். எடுத்தான். வாயில் சாப்பாடு இருந்தது, குரலிலேயே தெரிந்தது.

"ஹாதெம், லோர்னா எங்கே?"

மெல்லுவது நின்றது. பின்னணியில் எங்கோ தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்கத் தொடங்கியது.

"மாதேஷ் சார், பாங்கு சொல்லிவிட்டார்கள். தொழுதுவிட்டு வந்து கூப்பிடுகிறேன். பொய் சொல்ல மாட்டேன்" என்றான்.

சொன்னபடியே கூப்பிட்டான். லோர்னாவுக்குப் புற்றுநோய். அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, இப்போது மருந்து ஏற்றுகிறார்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இரண்டு வாரம் வராவிட்டால் கான்ட்ராக்ட் போய்விடும், அது போனால் சிகிச்சையும் நின்றுவிடும். அவள் வீட்டுக் கணினியை அவள் அண்ணன் அணைக்காமல் வைத்திருக்கிறார். துனீசியாவில் இருந்தபடியே ஹாதெம் அந்தக் கணினிக்குள் நுழைந்து அவள் பெயரில் அவள் வேலையைச் செய்கிறான். நாங்கள் பார்த்தால் இலோய்லோவிலிருந்து வேலை நடப்பது போலவே இருக்கும்.

"நீ மட்டுமா? இன்னும் யார் யார்?"

"என்னைப் பற்றி மட்டும் கேளுங்கள் சார். நோன்பு வைத்திருக்கிறேன்" என்றான்.

அதற்குமேல் அவனை நான் எப்படிக் கேட்பது? அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே லோர்னாவின் பச்சை விளக்கு மறுபடி எரிந்தது. ஹாதெம் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறான், ஆகவே இது வேறு ஆள். ஜார்ஜியாவில் அப்போது காலை. நினோவைக் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணுக்கு நோன்புக் கட்டுப்பாடு ஏதும் இல்லை போலிருக்கிறது. கூசாமல் சொன்னாள்: "எல்லாம் நான்தான் சார். முதல் நாளிலிருந்து நான் மட்டும்தான். வேறு யாருக்கும் தெரியாது."

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் ரோசாவே கூப்பிட்டாள். நினோ சொல்லிவிட்டாள் போல. மூச்சு வாங்கியது. "சார், அவர்கள் இரண்டு பேரையும் நம்பாதீர்கள். செய்தது நான் ஒருத்திதான்."

"சரிம்மா. அப்புறம் ஏன் புனித வெள்ளியன்று லோர்னாவை வேலைக்கு அனுப்பினாய்? நீயும் கத்தோலிக்கப் பெண்தானே?"

"நாளைக்குத்தானே சார் வெள்ளி? இன்று வியாழன். பெரிய வியாழன் வழக்கப்படி நான் இப்போதுதான் ஏழு கோயில்களையும் சுற்றிவிட்டு வருகிறேன். அதனால்தான் இன்று என் நேரத்தையும் ஹாதெமைப் பார்க்கச் சொன்னேன். நாளைக்கு லோர்னாவுக்கு விடுமுறை, யாரும் உள்ளே போகக்கூடாது என்று…" சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "ஐயோ, அங்கே வெள்ளி பிறந்துவிட்டதா!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அத்தனை கச்சிதமாகத் திட்டம் போட்டவர்கள். மூன்று கண்டத்திலிருந்து மூன்று பேர் ஒரே பெண்ணாக உட்கார்ந்து, ஒரு புகார்கூட வராமல் வேலை பார்த்திருக்கிறார்கள். லோர்னாவின் பக்தியை மதித்து அவளுக்கு விடுமுறை விடவும் நினைத்திருக்கிறார்கள். ஆனால் பெருவில் இன்னும் வியாழன் இரவு, துனீசியாவில் வியாழன் இரவு விடியாமல் நீண்டுகொண்டிருந்தது, லோர்னாவுக்கோ வெள்ளி விடிந்து வெயில் ஏறிவிட்டது. பூமி உருண்டையாக இருப்பதால் மாட்டிக்கொண்டவர்கள் வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை.

கடைசியாக லோர்னாவையே அழைத்தேன். குரல் நூல் மாதிரி இருந்தது. மறைக்க முயலவில்லை. "தப்பு என்னுடையது. கடவுச்சொல்லைக் கொடுத்தவள் நான். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் அவர்களிடம் பேசினேன். கணினியை அணைக்காதே என்றார்கள். என் கான்ட்ராக்டை முடித்துவிடுங்கள் சார், அவர்களை விட்டுவிடுங்கள்."

எங்கள் விதி தெளிவாக இருந்தது. விருந்தினர்களின் பாஸ்போர்ட் விவரமெல்லாம் அந்த லாகினுக்குள் இருக்கிறது. அதைப் பகிர்ந்தால் வேலை நீக்கம், விசாரணைகூடத் தேவையில்லை. அந்த விதியை ஒவ்வொரு ஆளுக்கும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியவனும் நான்தான். நாலு பேரும் நல்லவர்கள், நாலு பேரும் கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டார்கள். அதில் ஒருத்திக்கு வேலை போனால் உயிரும் போகும்.

அலமேலு மேடத்துக்குப் போன் செய்தேன். ஆட்டோ பிடித்து வந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் சொன்னார்: "லோர்னாவோட லாகினை மூடியாச்சா?"

"இன்னும் இல்லீங்க மேடம். அதுக்குள்ள…"

"நோடி, இங்க பாருங்கோ மாதேஷ், முதல்ல கதவைச் சாத்துங்கோ. அழறதை அப்புறம் அழலாம்."

மூடினேன். பச்சை விளக்கு போயிற்று. அவர் அடுத்துச் செய்தது, நாலு பேரும் வேலை பார்த்துக்கொடுத்த ஓட்டல் குழுமத்தின் அதிகாரிக்கு அவரே போன் போட்டது. சொல்லாமல் இருந்தால் அவர்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. நான் தயங்கித் தயங்கி அதைச் சொல்லவும் செய்தேன். "மறைச்சா அவா தப்பு நம்ம தப்பாயிடும். அவா எதுக்குச் செஞ்சான்னு சொல்லிக்கலாம். நாம எதுக்குச் செஞ்சோம்னு என்ன சொல்லுவேள்?" என்றார்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். பாஸ்போர்ட் விவரம் எதுவும் வெளியே போகவில்லை, உள்ளே வந்த மூன்று பேரும் அதே விவரத்தைத் தங்கள் லாகினில் பார்க்க அனுமதி உள்ளவர்கள் என்பதையும் சொன்னார். கெஞ்சவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து நாலு பேரையும் உடனே நீக்க வேண்டும் என்று சத்தம் வந்தது.

"மூன்று பேரை உங்கள் வேலையிலிருந்து எடுத்துவிடுகிறேன், இன்றைக்கே" என்ற பொருளில் மேடம் ஆங்கிலத்தில் சொன்னார். "நாலாவது ஆளை நீங்கள் நீக்க முடியாது. அவள் இந்த ஒரு மாதமாக உங்கள் வேலைக்கு வரவே இல்லை."

ஒப்பந்தத்தையே ரத்து செய்வார்கள் என்றுதான் நினைத்தேன். கடைசியில் அந்த மனிதர், அந்தப் பெண்ணுக்கு என்ன புற்றுநோய் என்று கேட்டார். மேடம் சொன்னார். ஒரு வாரத்தில் பாதுகாப்பு அறிக்கை வேண்டும், தப்பு செய்தவர்களுக்குத் தண்டனை கொடுத்ததற்கான கடிதமும் வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

தண்டனை கிடைத்தது. மேடம் அதில் கொஞ்சமும் இளகவில்லை. மூன்று பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம், அந்த வருடம் சம்பள உயர்வு கிடையாது, வேறு வேலைக்கு மாற்றம். லோர்னாவுக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம். படுத்திருப்பவளுக்கு எதற்கு மேடம் என்று கேட்டேன். "படுத்திண்டிருக்கான்னு கடிதம் அனுப்பாம விட்டா, அவ திரும்பி வரமாட்டான்னு நாம முடிவு கட்டிட்டோம்னு அர்த்தம்" என்றார்.

கடிதங்கள் கிளம்பிய அன்றே பிலிப்பைன்ஸில் ஏஜென்சி ஒன்றைப் பிடிக்கச் சொன்னார். ஒற்றை ஆளுக்கா என்று கணக்குப் பிரிவில் முனகினார்கள். "ஒத்தை ஆளுக்குக் கான்ட்ராக்ட் போதும்னு கையெழுத்துப் போட்டது நான். அந்தக் கையெழுத்தை நான் மாத்திக்கறேன்" என்றார். நிரந்தர ஊழியராகச் சேர்ந்தால் அந்த நாட்டுச் சட்டப்படி அவளுக்கு நோய்க்கால உதவி உண்டு. ஆனால் சேருகிற நாளில் கொஞ்சமாவது வேலை செய்திருக்க வேண்டும், அறிமுக வகுப்பிலாவது உட்கார வேண்டும் என்றது ஏஜென்சி. லோர்னா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து அந்த வகுப்பைக் கேட்டாள். தீ விபத்து நேர்ந்தால் அலுவலகத்தை விட்டு எப்படி வெளியேறுவது என்பதும் அதில் ஒரு பாடம். அலுவலகமே இல்லாத நாட்டில், எழுந்து நடக்க முடியாத பெண்ணுக்கு அந்தப் பாடத்தை நடத்திக் கேள்வியும் கேட்டார்கள். அவள் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள்.

அந்த நாட்டு உதவி மட்டும் போதவில்லை. அப்போது மேடம் ஒன்று செய்தார். யாருக்கு விருப்பமோ அவர்கள் தங்கள் சம்பளத்தோடு கூடிய விடுப்பிலிருந்து சில மணி நேரத்தை லோர்னாவுக்குக் கொடுக்கலாம் என்று எல்லா நாட்டுக்கும் அறிவித்தார். கணக்குப் பிரிவு மறுபடி எழுந்தது. துனீசியாவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு சம்பளம், மைசூரில் ஒரு சம்பளம், பிலிப்பைன்ஸில் வேறு. எதை எதால் பெருக்குவது என்று கேட்டார்கள்.

"எதையும் பெருக்க வேண்டாம். ஒரு மணி குடுத்தா அவளுக்கு ஒரு மணி. உலகத்துல அது ஒண்ணுதான் எல்லாருக்கும் ஒரே அளவா இருக்கு" என்றார் மேடம்.

மறுநாள் காலையில் நான் வருவதற்குள் லோர்னாவுக்கு ஒரு வருடத்துக்கு மேலேயே படுத்திருக்கலாம் என்கிற அளவுக்கு விடுப்பு சேர்ந்திருந்தது. அவள் எந்த நாட்டில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியாதவர்கள் கொடுத்திருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் குண்டலுபேட்டையிலிருந்து தினம் பஸ்ஸில் வந்துபோகிற ஒரு பெண், தன் தங்கை கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த விடுப்பை அப்படியே கொடுத்திருந்தாள். "கல்யாணத்துக்கு ஞாயித்துக்கிழமை போதும் சார்" என்றாள். ஹாதெம், நினோ, ரோசா மூவரும்தான் முதலில் எழுதியிருந்தார்கள். அவர்கள் கொடுத்ததை மட்டும் மேடம் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஹாதெமிடம் ஒரு நாள் கேட்டே விட்டேன். "முகம்கூடப் பார்க்காத ஒரு பெண்ணுக்காக உன் வேலையைப் பணயம் வைத்தாயே, ஏன்?"

அவனுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. இன்னொரு முறை கேட்டேன். கொஞ்சம் யோசித்துச் சொன்னான்: "லோர்னா முடித்துவிட்டுப் போன வேலையில் ஒரு நாளும் நாங்கள் எதையும் திருத்த நேர்ந்ததில்லை சார். தன் தலைவலியை ஒரு நாளும் அடுத்தவருக்கு விட்டுப்போனதில்லை. அவளை எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வீர்கள்?"

மனிதர்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிரோடுதான் அந்த வேலைக்குப் போயிருந்தேன்.

சிகிச்சை நீண்டுகொண்டே போனது. இடையில் ஒருமுறை மிகவும் மோசமாகி, பிறகு தேறினாள். கடைசிப் பரிசோதனை முடிவு வருகிற நாளன்று, மற்ற மூன்று பேரையும் ஒன்றாக அழைக்க முடியுமா என்று லோர்னா கேட்டாள். நல்லதோ கெட்டதோ, தனித்தனியாகச் சொல்லும் தெம்பு தனக்கு இல்லை என்றாள். நாலு நாட்டிலும் எல்லோரும் விழித்திருக்கிற ஒரு நேரத்தைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குத் தலை கிறுகிறுத்தது. பெருவில் விடிகாலை என்றால் பரவாயில்லை, நான் தூங்கப்போவதில்லை என்றாள் ரோசா.

மைசூரில் அப்போது சாயங்காலம். மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். எங்கள் கேமராவையும் மைக்கையும் அணைத்து வைத்திருந்தோம், அது அவர்கள் நேரம் என்பதால். லோர்னா அவர்கள் முன் முதல்முறையாகத் தன் கேமராவைப் போட்டாள். தலையில் மஞ்சள் துணி கட்டியிருந்தாள், புருவம் இல்லை, கண் மட்டும் பெரிதாக இருந்தது. ஒவ்வொருவராக மற்ற மூவரும் கேமராவைப் போட்டார்கள். அத்தனை நாள் ஒரே ஆளாக உட்கார்ந்திருந்தவர்கள், அப்போதுதான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.

"ஒன்றும் இல்லையாம்" என்றாள் லோர்னா. "எங்கும் ஒன்றும் இல்லையாம்."

ரோசா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நினோ சிலுவைக் குறி போட்டாள், மறுபடி போட்டாள், நிறுத்தவே இல்லை. ஹாதெம் கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. லோர்னா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "நீதான் ஹாதெமா? நீதான் நினோவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அலமேலு மேடம் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கணினியைப் பார்த்துக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

"மைக்கைப் போடட்டுங்களா மேடம்? ஏதாச்சும் பேசறீங்களா?"

வேண்டாம் என்று தலையை அசைத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"இவாளை நாம தேர்ந்தெடுத்தோம்னு நெனைச்சிண்டிருக்கோம் மாதேஷ்" என்றார். "இல்லை. நமக்கு வாய்ச்சிருக்கா."

நாலு பேரையும் கேள்வி கேட்டு, மதிப்பெண் போட்டு, தேறினார்கள் என்று எழுதி எடுத்தவன் நான். நானும் எழுந்து நின்றேன்.